அம்மா ஓடிய தூரம்

போன மாதம் ஒரு கல்லூரியில் பேசிவிட்டு மேடையைவிட்டு இறங்கும்போது ஒரு மாணவி கேட்டாள்: “தோழர், பத்து கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர்னு ஓடுறீங்க. கூட்டத்துக்குப் போறீங்க. எழுதுறீங்க. வீட்டுல சின்னப் பிள்ளை வேற. எல்லாத்தையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?”

“மனசு வச்சா முடியும்மா” என்றேன். கைதட்டினார்கள்.

நான் சொன்னது பொய். பஸ் ஏறி கரிவலம்வந்தநல்லூர் வந்து சேரும்வரை அந்தக் கைதட்டு என்னைக் குத்திக்கொண்டே வந்தது. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

குழாயில் தண்ணி வந்துவிட்டது என்று சத்தம் கேட்டால் எங்கள் காலனியில் முதல் குடம் வைப்பது நான்தான். நான் வேகமாக ஓடுவேன் என்பது அப்படித்தான் தெருவுக்குத் தெரியவந்தது. பள்ளிக்கூடத்தில் 1,500 மீட்டர், 3,000 மீட்டர் ஓடினேன். ஷூ கிடையாது. வெறுங்கால்தான். மாவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்து ஒரு எவர்சில்வர் தூக்குவாளி பரிசு வாங்கினேன். அதில்தான் அம்மா வெகுகாலம் காட்டு வேலைக்குக் கஞ்சி கொண்டுபோனாள்.

2006 டிசம்பரில் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கதக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களுக்கு மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். நான் அப்போது பி.ஏ. முதல் வருஷம். எங்கள் தெருவே கொண்டாடியது. நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை! அந்தச் சந்தோஷம் சில நாள்கூட நிலைக்கவில்லை. பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். ஒரு தலித் பெண்ணின் உடம்பை உலகமே பத்திரிகையில் விரித்துவைத்து ஆராய்ந்தது. பிற்பாடு அவர் செங்கல் சூளையில் வேலை பார்த்த செய்தியும் வந்தது. அரசுப் பயிற்சியாளராக அவருக்கு நிரந்தர வேலை கிடைக்க 2016 ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் அந்தச் செய்தி வேறுவிதமாக வந்து இறங்கியது. “அவளயே பொம்பளையான்னு கேட்டுட்டானுக. ஒன்னயும் கேக்கணுமா? ஓடுனது போதும்ளா” என்றாள் அம்மா. அத்தோடு நின்றது என் ஓட்டம். பிறகு எம்.ஏ. தமிழ், இயக்கம், கல்யாணம், பிள்ளை.

மகள் பிறந்தபோது எனக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுகூட இல்லை. இது என் ஒருத்தி கதையில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ராத்திரி தூக்கமில்லை. எதற்கெடுத்தாலும் கோபம். மகளுக்கு ஒன்றரை வயதானபோது ஒருநாள் அவளை அடித்துவிட்டேன். அடித்த கையைப் பார்த்து நானே பயந்துபோனேன். மறுநாள் விடியக்காலம் எழுந்து கண்மாய்க்கரையில் ஓடிப் பார்த்தேன். நூறு மீட்டர்கூட ஓட முடியவில்லை. பால் கட்டி மார் வலித்தது. பிரசவத்தில் தளர்ந்த அடிவயிறு, ஓட ஓட மூத்திரம் சொட்டியது. அழுதுகொண்டே நடந்தேன். ஆனால் அன்று ராத்திரி தூங்கினேன்.

இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. மெடல் போட்டுக்கொண்ட படத்தைத்தான் போடுகிறார்கள். பிள்ளை பெற்ற உடம்பு மறுபடி ஓட்டத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். இரும்புச்சத்து மாத்திரை வேண்டும், முருங்கைக்கீரை வேண்டும், முட்டை வேண்டும், அடிவயிற்றுத் தசைக்குப் பயிற்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நேரம் வேண்டும்.

கண்மாய்க்கரையில் சீமைக்கருவேல முள். நீண்ட தூரம் ஓட வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். மெயின் ரோட்டுக்கு வர ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கடந்த தெரு அது. நான் 900 ரூபாய்க்குச் சங்கரன்கோவிலில் வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு, டிராக் பேண்டோடு, அந்தத் தெருவில் ஓடினேன். முதல் நாள் ஒரு திண்ணையிலிருந்து குரல் வந்தது: “ஏளா, எவன் தொரத்துதான்னு இப்பிடி ஓடுத?” ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள்.

யானை வலம் வந்ததால் இந்தப் பெயர் என்று எங்கள் ஊருக்குக் கோயில் கதை சொல்லுகிறது. கரி என்றால் யானை. தமிழ் படித்தவள், எனக்கு அது தெரியும். யானை வலம் வந்ததைப் பெயராகவே வைத்துக்கொண்டிருக்கிற ஊரில், காலனிப் பெண் ஒருத்தி காலையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கேள்வி வருகிறது. யாராவது துரத்தினால் ஒழிய நம் பெண்கள் ஓட மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. புல்லுக்கட்டோடு போனால் கேள்வியில்லை. விறகுக்கட்டோடு போனால் கேள்வியில்லை. தலையில் ஒன்றுமில்லாமல் போனால்தான் கேள்வி.

நான் நிறுத்தவில்லை. ஒரு வருஷத்தில் சங்கரன்கோவில் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். மூன்றாவது வருஷம் மதுரையில் ஒரு அரை மாரத்தான் ஓடினேன், 21 கிலோமீட்டர். நுழைவுக் கட்டணமே எங்கள் தெருவில் இரண்டு நாள் கூலி. கழுத்தில் மெடலோடு வீட்டுக்கு வந்தேன். அதை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு என் மகள் சொன்னாள்: “அம்மா, நீ ஓடப்போனா பாட்டி சோலிக்குப் போகாது. ஒன்னால பாட்டிக்குத் துட்டு கெடைக்காது.”

ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் சரி.

மற்ற நாட்களில் நான் நாலே முக்காலுக்கு ஷூ மாட்டும்போது, ரெண்டு வீடு தள்ளியிருக்கிற அம்மா வந்து என் மகள் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். நான் திரும்பி வரும்போது உலை கொதித்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், வர எட்டரை ஆகும். பருத்தி எடுப்புக்கு ஆள் ஏற்றும் வண்டி ஆறரைக்கே போய்விடும். இரண்டு பருவமாக அம்மா ஞாயிற்றுக்கிழமைக் கூலியை விட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் இணையர் எங்கே இருந்தார் என்று கேட்பீர்கள். வீட்டில்தான் இருந்தார். ஆணாதிக்கத்தைப் பற்றி மூன்று மணிநேரம் குறிப்பில்லாமல் பேசக்கூடியவர். என் ஓட்டத்தைப் பற்றித் தோழர்களிடம் பெருமையாகச் சொல்லுவார். நான் ஓடுகிற நேரத்தில் தூங்குவார். நானும் எழுப்பியதில்லை. அம்மா இருக்கிறாளே! இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரி 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்கிறது. அந்தக் கணக்கை மேடையில் நானே சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் அந்த நிமிடங்களை ஒரு தலித் கிழவி தலையில் தூக்கிவைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

இந்த இடத்தில் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1928 ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஓடி முடித்த பெண்கள் சோர்ந்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. பெண் உடம்பு இவ்வளவு தூரம் தாங்காது, பிள்ளை பெற முடியாமல் போகும் என்றெல்லாம் பேசினார்கள். அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தது 1960இல். பெண்களுக்கான மாரத்தான் வந்தது 1984இல்தான்.

அதே 1928இல், அதற்குச் சில நாள் முந்தி ஜூலையில், பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கான பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும், அது நாட்டின் நலன் என்றார். பெண் உடம்பு தாங்காது என்று சொன்னவர்கள் அவளை மைதானத்தைவிட்டு வெளியே அனுப்பினார்கள். அந்த உடம்பு எவ்வளவு சுமக்கிறது என்று தெரிந்தவரோ அதற்குக் கூலியோடு ஓய்வு கேட்டார். இரண்டும் ஒன்றல்ல.

அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. அமெரிக்காவில் அலிசியா மொண்டானோ 2014இல் எட்டு மாதக் கர்ப்பத்தோடு தேசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடினார். பிள்ளை பெற்றால் ஓட்டக்காரிகளின் ஒப்பந்தப் பணத்தைக் கம்பெனிகள் குறைக்கின்றன என்று 2019இல் பகிரங்கமாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் நைக்கி தன் விதியை மாற்றியது. நம் பக்கத்தில் ஷைனி வில்சன் தாயான பிறகு, 1995இல் சென்னையில் நடந்த தெற்காசியப் போட்டியில் 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடினார். 2010வரை அதுவே தேசிய சாதனை. அவருக்கு இந்திய உணவுக் கழகத்தில் வேலை இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்பதும் ஓட்டத்துக்கு ஒரு கால்தான்.

மராட்டியத்தில் லதா பகவான் கரே என்கிற கூலிக்காரத் தாய் அறுபது வயதுக்கு மேல், சேலையோடு, வெறுங்காலோடு பாராமதியில் ஓடி முதல் பரிசு வாங்கினார். புருஷனின் வைத்தியச் செலவுக்காக ஓடினார். அவர் வாழ்க்கை 2020இல் மராத்திப் படமாக வந்தது, அவரே நடித்தார். எல்லோரும் அவருடைய பதிபக்தியைப் புகழ்ந்தார்கள். ஒரு ஸ்கேன் எடுக்க ஒரு கிழவி ஓட வேண்டியிருக்கிறதே, ஏன் என்று கேட்டவர்கள் குறைவு.

பேறுகால விடுப்பு 2017இல் 26 வாரமாக உயர்ந்தது. நல்லது. நான் பிறந்த இருபதாம் நாள் அம்மா பருத்திக் காட்டுக்குப் போனாள். இன்றும் தினக்கூலிக்குப் போகிறவளுக்கு வேலைக்குப் போனால்தான் கூலி.

மகள் சொன்ன அன்று ராத்திரி அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். “ஏம்மா சொல்லல?” என்றேன்.

“என்னத்தச் சொல்ல? நீ ஓடுத. நானும் ஓடுனவதான். கலவர வருசம் ஓடுனது ஒனக்கு நெனவிருக்கா?”

இருந்தது. 1995. ஆகஸ்ட் கடைசி நாள் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியது. தென்மாவட்டம் முழுக்கப் பயம். அடுத்து இங்கே வருகிறார்கள் என்று ஒரு ராத்திரி எங்கள் தெருவில் புரளி. எனக்கு ஏழு வயசு. தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, பருத்திக் காடு வழியாக அம்மா ஓடினாள். பெரியம்மா ஊர் போய்ச் சேர்ந்தோம். விடிந்து பார்த்தால் அவள் கால் முழுக்க ரத்தம்.

“அன்னைக்கு எம்புட்டுத் தூரம் ஓடுனேன்னு யாருக்குத் தெரியும்? நீ அளந்து ஓடுத. நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் ஓடினேன். வரப்பு பாதி இல்லை, மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். பெரியம்மா வீட்டு வாசலில் நின்று செல்போனைப் பார்த்தேன். ஏழு கிலோமீட்டர் சொச்சம். நான் ஷூ போட்டு, வெளிச்சத்தில், வெறுங்கையோடு ஓடினேன். அவள் இருட்டில், வெறுங்காலில், இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளையோடு ஓடினாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். “ஏழா? நான் ஒரு இருவது இருக்கும்னுல்லா நெனச்சேன்” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இணையரிடம் அன்றைக்கே பேசினேன். பேச்சு என்பது மரியாதைக்குச் சொல்வது, சண்டைதான். இப்போது காலையில் எழுந்து உலை வைப்பது அவர். முதல் மாதம் சோறு குழைந்தது, மகள் தலைமுடி சிக்கோடு பள்ளிக்கூடம் போனாள், தெருவில் கேலி பேசினார்கள். இன்னும் வாரத்தில் ஒருநாள் மறந்து தூங்கிவிடுகிறார். அன்றைக்கு நான் ஓடுவதில்லை, அம்மாவைக் கூப்பிடுவதும் இல்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமையும் பருத்தி வண்டி ஏறுகிறாள்.

வேலையில்லாத ஒருநாள் அம்மா என்னோடு ரோட்டுக்கு வந்தாள், நடக்க. கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் அவள் கை தானாகத் தலைக்குப் போனது. சும்மாடும் கட்டும் இல்லாமல் அந்த ரோட்டில் அவள் நடந்ததே இல்லை. டீக்கடையில் ஒருத்தர் கேட்டார்: “என்ன, ஆத்தாளும் மகளும் எங்க கெளம்பிட்டிய?”

“சும்மாதான் நடக்கோம்” என்றாள் அம்மா.

அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: நான் ஒன்றும் சமாளிக்கவில்லை, தங்கச்சி. என் அம்மா சமாளித்தாள், அவளுக்குக் கூலி போனது. நீ ஓடு. ஓடும்போது உன் வீட்டு அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்று பார். அது உன் அம்மாவாக இருந்தால், முதலில் அதை மாற்று.