அப்பப்பாவும் இரண்டு திரைகளும்

போன கோடையில் நண்பர் ஒருவரின் பாய்மரப் படகில் இரண்டு சார்ட்புளொட்டர்களை, அதாவது கடல்வரைபடத் திரைகளை, ஒன்றோடொன்று இணைக்க லு ஹாவ்ர் போனேன். திரான்சியிலிருந்து அப்பாவும் என்ர 12 வயது மகனும் கூட வந்தார்கள்.

படகின் நீளத்துக்கு ஒரு முதன்மை வயர். அதில் டீ இணைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு கருவி. என்எம்இஏ 2000 என்று பெயர். ஜிபிஎஸ், ஆழம், காற்று எல்லாம் இரண்டு திரைக்கும் போகும். வயரின் இரண்டு நுனியிலும் 120 ஓம் டெர்மினேட்டர் வேணும். நான் ஒன்றை மறந்துவிட்டேன். திரையில் படகு வந்து வந்து மறைந்தது.

மகன் திரும்பிக் கேட்டான்: "அப்பப்பா, உங்கட ஊர்க் கப்பல் இது இல்லாமல் எப்பிடிப் போனது?"

தமிழில்! லாச்சப்பலுக்குச் சனிக்கிழமைகளில் கூட்டிப்போயும் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுகிற பிள்ளை.

அப்பா வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. ஓட்டிப்போனது ஊர் மாலுமிகள். அப்பா அதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"நட்சத்திரம், திசைகாட்டி, கண். ஒண்டை மட்டும் நம்பி வெளிக்கிடக் கூடாது, தம்பி."

மற்ற டெர்மினேட்டர் என்ர பையிலேயே கிடந்தது. மாட்டினேன். இரண்டு திரையிலும் படகு அசையாமல் நின்றது.

திரும்பி வரேக்க காரில் இருவரும் கதைச்சுக்கொண்டே வந்தார்கள், பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. நான் குறுக்கே பேசவில்லை.