நாற்காலிகள் ஏன் காலியாகின?



என் முகப்புப் படத்தில் பச்சைத் தொப்பி எதற்கு, டீச்சர் ஏதாவது கட்சியில் சேர்ந்துவிட்டாரா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கட்சி எதுவும் இல்லை. அது அமெரிக்காவில் ஓக்லாந்து நகரத்தின் பேஸ்பால் அணியான அத்லெட்டிக்ஸின் தொப்பி. செல்லமாக 'ஏஸ்' என்பார்கள். இன்றைக்கு அந்த ஊரில் அந்த அணி இல்லை. ஏன் இல்லாமல் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். மாலைக் காபியோடு படியுங்கள்.

பேஸ்பால் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். மட்டை உருண்டையாக இருக்கும், ஓவர் கணக்கு கிடையாது, ஆளுக்கு 9 இன்னிங்ஸ். பெரிய லீக்கில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஆண்டுக்கு 162 ஆட்டம், அதில் 81 சொந்த ஊரில். ஐபிஎல் போல இரண்டு மாதத் திருவிழா அல்ல. ஆறு மாதம் ஏறக்குறைய தினமும் நடக்கும். அதனால் அது அந்த ஊர்க்காரர்களுக்கு விசேஷம் அல்ல, அன்றாடம்.

ஏஸ் 1901-இல் பிலடெல்ஃபியாவில் தொடங்கியது. 1955-இல் கான்சஸ் சிட்டிக்குப் போய், 1968-இல் ஓக்லாந்துக்கு வந்தது. 1972, 73, 74 என்று தொடர்ந்து மூன்று முறை, பிறகு 1989-இல் ஒரு முறை என ஓக்லாந்துக்கு நான்கு கோப்பைகள் வாங்கித் தந்தது. 2002-இல் தொடர்ந்து 20 ஆட்டங்களில் வென்றது. 'மணிபால்' என்ற ஆங்கிலப் படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும். கையில் காசு இல்லாத அணி மூளையை வைத்து ஜெயித்த கதை. படம் முடிந்துவிடுகிறது. காசு செலவழிக்காத பழக்கம் மட்டும் முடியவில்லை.

2005-இல் இந்த அணியை ஒரு கூட்டணி 18 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் ஒருவரான ஜான் ஃபிஷர் பிற்பாடு முழு உரிமையாளர் ஆனார். 'கேப்' என்ற துணி நிறுவனத்தைத் தொடங்கிய தம்பதியின் மகன். பரம்பரைச் செல்வர். ஆனால் ஏஸ் அணியில் நன்றாக ஆடத் தொடங்குகிற பையன்கள் யாரும் ஊரில் தங்க மாட்டார்கள். சம்பளம் உயரும் காலம் வந்தால் வேறு அணிக்குப் போய்விடுவார்கள். 2021-இல் 86 வெற்றி பெற்ற அணி அது. 2022 மார்ச்சில் மாட் ஓல்சன், மாட் சாப்மன், கிறிஸ் பாசிட் என்று அந்த அணியின் முக்கியத் தூண்களை ஒரே வாரத்தில் வெவ்வேறு அணிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு 102 தோல்வி. அடுத்த ஆண்டு 112 தோல்வி. தோனியையும் ஜடேஜாவையும் அஸ்வினையும் ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டு, 'சேப்பாக்கத்துக்கு ஏன் கூட்டம் வரவில்லை' என்று சென்னைக்காரர்களைக் கேட்டால் எப்படி இருக்கும்?

அப்படித்தான் கேட்டார்கள். 2019-இல் 97 வெற்றி பெற்ற அணியைப் பார்க்க 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2022-இல் அது 8 லட்சத்துக்கும் கீழே போனது. 2023 மே மாதம் ஓர் இரவில் வந்தவர்கள் வெறும் 2,064 பேர். அதைக் காட்டி, 'பாருங்கள், இந்த ஊருக்கு ஆர்வம் இல்லை' என்ற பேச்சு பரவியது. அதற்கு முந்தைய மாதமே லாஸ் வேகஸில் இடம் பார்த்துவிட்டதாக அறிவிப்பும் வந்திருந்தது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஓக்லாந்து மைதானம் 1966-இல் திறந்தது. சாக்கடை நீர் வீரர்களின் அறைக்குள் வந்த கதையெல்லாம் உண்டு. புது மைதானம் வேண்டும் என்பது உண்மை. அதற்காகப் பல ஆண்டுகள் பல இடங்கள் பேசப்பட்டன. என் மகன் குடியிருக்கும் ஃபிரீமான்ட் ஊரில்கூட ஒரு காலத்தில் கட்டுவதாக இருந்தது. பிறகு சான் ஹோசே. பிறகு ஒரு கல்லூரியின் பக்கத்து நிலம். கடைசியாகத் துறைமுகத்து ஓரம். ஒவ்வொரு முறையும் வரைபடம் வெளியானது, ரசிகர்கள் நம்பினார்கள், ஒன்றும் எழும்பவில்லை. நகராட்சி பக்கத்திலும் தாமதம் இருந்தது. ஆனால் நகராட்சியைத் தேர்தலில் மாற்றலாம். முதலாளியை யார் மாற்றுவது? அணியை நேசிக்கிறவருக்கு அதில் ஓர் ஓட்டுகூடக் கிடையாது.

2023-இல் நான் மகன் வீட்டில் இருந்தேன். பேரனுக்கு அப்போது 11 வயது. ஏஸ் என்றால் உயிர். ஜூன் 13 அன்று ரசிகர்கள் ஒரு வேலை செய்தார்கள். கோபம் வந்தால் ஆட்டத்துக்குப் போகாமல் புறக்கணிப்பதுதான் வழக்கம். இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். எல்லோரும் ஒரே நாளில் வந்து அரங்கத்தை நிரப்புவோம், குறை ஊரிடம் இல்லை என்று காட்டுவோம் என்றார்கள். 'தலைகீழ்ப் புறக்கணிப்பு' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பேரன் என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறினான்.

அன்று வந்தவர்கள் 27,759 பேர். வாசலில் பச்சைப் பனியன் இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு வார்த்தை: 'செல்'. ஆங்கிலத்தில் 'விற்றுவிடு' என்று பொருள். தமிழில் படித்தால் 'போ'. இரண்டு மொழியிலும் சொல்ல வந்தது சரியாகவே வருகிறது என்று பேரனிடம் சொன்னேன். அவன் அதை அக்கம்பக்கத்து இருக்கைகளுக்கெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டான்!

ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது ஒரு மட்டையாளர் ஆடி முடிக்கும் வரை எல்லோரும் வாய் திறக்காமல் நின்றார்கள். முரசுகளும் நின்றுவிட்டன. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பையே அமைதியாக்கப் பாடுபட்டவள் நான். அத்தனை ஆயிரம் பேர் தாமாக அமைதியானதைப் பார்த்துக் கை கூப்பத் தோன்றியது. பிறகு 'அணியை விற்றுவிடு' என்ற முழக்கம் காங்கிரீட் படிகளே அதிர்வது போல எழுந்தது. அன்று ஏஸ் 2–1 என்று வென்றது. தொடர்ச்சியாக ஏழாவது வெற்றி. அன்றைய டிக்கெட் வருமானம் முழுவதையும், 8 லட்சம் டாலருக்கும் மேல், உணவு வங்கிக்கும் பள்ளிக் கல்வி நிதிக்கும் தருவதாக அணி அறிவித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதே நாளில் நெவாடா மாநில செனட் சபை, லாஸ் வேகஸ் மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை அரசுப் பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு நாளில் ஆளுநர் கையெழுத்தும் போட்டார்.

ரயிலில் திரும்பும்போது பேரன் கேட்டான். "அப்பத்தா, நாங்க வரலைன்னா, வரலைங்கிறாங்க. வந்தா, போறோம்ங்கிறாங்க. நாங்க என்னதான் செய்யணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொடக்கப் பள்ளி நினைவுக்கு வந்தது. அங்கே படித்தவர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். மூன்று ஆசிரியர்கள் இருந்தோம். ஒருவர் மாறுதலில் போனார், மாற்று ஆள் வரவில்லை. இன்னொருவர் ஓய்வு பெற்றார், அந்த இடமும் நிரம்பவில்லை. ஐந்து வகுப்புக்கு நான் ஒருத்தி. மழைக்கு ஒழுகும் கட்டடம். பெற்றோர் என்ன செய்வார்கள்? வேன் வைத்து அழைத்துப் போகும் பள்ளிக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒருவர் வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "பிள்ளைகளே வருவதில்லையே, அப்புறம் பள்ளி எதற்கு?" என்றார். எண்ணிக்கை சரிதான். ஏன் குறைந்தது என்று பதிவேட்டில் எழுத இடம் இல்லை. ஓக்லாந்துக்காரர்களின் கோபம் எனக்குச் சட்டென்று புரிந்தது அதனால்தான். தோற்றதற்காக அவர்கள் கோபப்படவில்லை. தோல்வியைப் பொறுத்துக்கொள்ளாதவர் ரசிகரே அல்ல. செய்வதையெல்லாம் செய்துவிட்டுப் பழியைத் தங்கள் தலையில் போட்டதற்காகத்தான் கோபப்பட்டார்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 நவம்பரில் 30 அணி முதலாளிகளும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாந்தில் கடைசி ஆட்டம். ஆர்வம் இல்லாத ஊர் என்றார்களே, அன்று 46,889 பேர் வந்தார்கள். ஓக்லாந்தில் வளர்ந்த பெரிய ஆட்டக்காரர் ரிக்கி ஹென்டர்சனும் பந்தெறிந்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். மூன்றே மாதத்தில் அவர் மறைந்துவிட்டார். அன்றும் ஏஸ் 3–2 என்று வென்றது. மகன் அனுப்பிய காணொளியில் பெரிய பெரிய மனிதர்கள் குழந்தைபோல அழுதுகொண்டிருந்தார்கள்.

2025 முதல் அணி சாக்ரமென்டோ பக்கம் ஒரு சின்ன மைதானத்தில் ஆடுகிறது. சுமார் 14,000 பேர் கொள்ளும். வேகஸ் மைதானம் எழும்பும் வரை அங்கே. பெயரில் எந்த ஊரும் இல்லை, வெறும் 'அத்லெட்டிக்ஸ்'. பனியனில் போகச் சொன்னது முதலாளியை. போனது அணி.

ஆனால் ஓக்லாந்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 'பாலர்ஸ்' என்று சொந்தமாக ஒரு சிறிய அணி தொடங்கி, 2024 முதல் ஊருக்குள்ளேயே ஒரு பழைய பூங்கா மைதானத்தில் ஆடவைக்கிறார்கள். பெரிய லீக் இல்லை, பெரிய சம்பளம் இல்லை. ஆனால் ரசிகர்களும் பங்கு வாங்கியிருக்கிறார்கள். பேரன் தன் உண்டியல் காசையும் அப்பாவிடம் கொடுத்திருக்கிறானாம். "இப்ப எனக்கும் ஓட்டு உண்டு அப்பத்தா" என்கிறான்.

உங்களில் பலர் இன்று மேலாளர், அதிகாரி, தலைமையாசிரியர், சொந்தக் கடை முதலாளி. உங்கள் முன்னாலும் என்றாவது ஒரு நாள் ஒரு காலி நாற்காலி வந்து நிற்கும். யாரும் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடும் முன், வந்துகொண்டிருந்தவர்கள் எந்த மாதம் நின்றார்கள், அந்த மாதம் நாம் என்ன செய்தோம் என்று ஒருமுறை பின்னோக்கிப் பாருங்கள். மனக்கணக்குப் போட்டால் போதும்.

நலமாக இருங்கள். பின்னூட்டத்தில் பெயரோடு எந்த ஆண்டு படித்தீர்கள் என்றும் எழுதுங்கள், அப்போதுதான் முகம் நினைவுக்கு வரும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்