டிராம் மணியும் ரிக்‌ஷா மணியும்

கோல்கத்தாவைச் சாப்பிட்டுக்கொண்டே சுற்றிப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலை 5 மணிக்கே எழுந்துவிட வேண்டும். லால்பஜார் காவல்துறைத் தலைமையகத்துக்கு அருகிலுள்ள டிரெட்டா பஜாரில், சீனப் பசியாறல் கடைகள் பொழுது விடியும்போது கூடி, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடுகின்றன.

வங்காளி நண்பர் ஒருவருடன் நான் போய்ச் சேர்ந்தபோது மணி 6.15. நடைபாதையில் வரிசையாக ஆவி பறக்கும் பாத்திரங்கள். பாவ், சியூ மாய், மீன் உருண்டை சூப் என எல்லாம் சிங்கப்பூர் உணவங்காடிகளில் நாம் தினமும் பார்ப்பவைதான். ஆனால், எனக்குப் பாவ் எடுத்துத் தந்த சீனப் பாட்டி வங்காள மொழியில் விலை சொன்னார்! சீனர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே குடியேறத் தொடங்கிய ஊர் இது. 1962ல் நடந்த இந்திய-சீனப் போருக்குப் பிறகு அவர்களில் பலர் கனடா போன்ற நாடுகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருக்கும் சில குடும்பங்களின் அடுப்பில்தான் இந்தக் காலைச் சந்தை உயிரோடு இருக்கிறது.

அங்கிருந்து மெட்ரோ ரயிலில் வடக்கே ஷியாம்பஜாருக்குப் போனோம். டிராம் ஏறத்தான். இந்தியாவில் டிராம் மிஞ்சியிருக்கும் ஒரே நகரம் கோல்கத்தா. 1873ல் குதிரைகள் இழுத்த வண்டி, 1902ல் மின்சாரத்துக்கு மாறியது. நாங்கள் ஏறிய பெட்டியில் மர இருக்கைகள், தலைக்கு மேல் பழைய மின்விசிறி. தோல்பையுடன் வந்த நடத்துநர் மெல்லிய காகிதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கட்டணம் பத்து ரூபாய்கூட இல்லை.

வானொலி வேலைப் பழக்கம், எந்த ஊருக்குப் போனாலும் முதலில் காதைத்தான் தீட்டுவேன். ஓட்டுநர் காலால் மிதிக்க மிதிக்க ‘டங் டங்’ என்று மணி ஒலிக்கிறது. தண்டவாளத்தில் நிற்கும் காரும் ஆட்டோவும் மெதுவாக விலகுகின்றன. சில சமயம் விலகுவதே இல்லை. டிராமும் பொறுமையாக நிற்கிறது. இந்த வேகத்துக்குப் பழகிய முதியவர்கள் சன்னலோரம் நாளிதழ் படித்துக்கொண்டு வருகிறார்கள்.

போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி, மைதானம் - எஸ்பிளனேட் பாரம்பரியத் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற டிராம் சேவைகளை நிறுத்தப்போவதாக மேற்கு வங்க அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. டிராம் ஆர்வலர்கள் அதை எதிர்த்துப் போராடுகிறார்கள். புகை கக்காத, ஏழைக்கும் கட்டுப்படியாகும் வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் இறங்கினோம். இருபுறமும் பழைய புத்தகக் கடைகள். 1918ல் தொடங்கிய ‘பாரமவுண்ட்’ கடையில் இளநீர் சர்பத் குடித்தோம். குவளையின் அடியில் வழுக்கை மிதந்தது. தெருமுனையில் ஜால்முரி. பொரியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்த் துண்டும் போட்டு, கடுகெண்ணெய் விட்டுக் குலுக்கித் தருகிறார்கள். நல்லெண்ணெய் பழகிய நாக்குக்கு முதல் வாய் சுள்ளென்றிருக்கும். மூன்றாவது வாயில் பிடித்துப்போகும்.

புத்தகக் கட்டுடன் நின்றபோது இன்னொரு மணி கேட்டது. கைரிக்‌ஷா. இழுப்பவர் விரலில் மாட்டிய சிறு மணியை வண்டியின் கைப்பிடியில் தட்டியபடி வருகிறார். எனக்குக் கால் எழவில்லை. மனிதரை மனிதர் இழுப்பதா? சிங்கப்பூரில் இந்த வண்டிகளை 1947லேயே ஒழித்துவிட்டார்கள். தஞ்சோங் பகாரில் ரிக்‌ஷாக்களைப் பதிவு செய்த பழைய கட்டடம்தான் இன்று நாம் கைப்பேசியில் படம் எடுக்கும் நினைவுச்சின்னம்.

என் தயக்கம் அவருக்குப் புரிந்துவிட்டது. நண்பர் மொழிபெயர்த்துச் சொன்னார்: “பாவம் பார்த்து எல்லாரும் நடந்து போயிட்டா, நான் ஊருக்கு எப்படிப் பணம் அனுப்புறது?”

அவர் ஊர் பீகார். வயது 50க்கு மேல். வண்டி சொந்தமில்லை, தினமும் வாடகை கட்ட வேண்டும். மழைக்காலத்தில் இந்தச் சந்துகளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது காரும் ஆட்டோவும் நின்றுவிடும், கைரிக்‌ஷா மட்டும்தான் போகும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சிறு பெருமை இருந்தது.

ஏறினேன். பத்து நிமிடப் பயணம். உயரமான இருக்கையிலிருந்து கண்ணில் பட்டதெல்லாம் வியர்வையில் நனைந்த அவர் முதுகுதான். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். மனம் லேசாகவில்லை.

2006ல் மேற்கு வங்கச் சட்டமன்றம் கைரிக்‌ஷாவை ஒழிக்கச் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. ஆனாலும் வண்டிகள் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் 1973ல் மு. கருணாநிதி ஆட்சியில் கைரிக்‌ஷா ஒழிக்கப்பட்டபோது, இழுத்தவர்களுக்கு மிதிவண்டி ரிக்‌ஷாக்கள் கொடுக்கப்பட்டன. தடையோடு பிழைப்புக்கும் வழி தந்தால்தான் ஒரு கொடுமை உண்மையில் முடிவுக்கு வரும். கோல்கத்தாவிலோ, ஓட வேண்டிய டிராமை நிறுத்தப் பார்க்கிறார்கள். நிற்க வேண்டிய ரிக்‌ஷா ஓடிக்கொண்டிருக்கிறது.

மாலையில் நியூ மார்க்கெட் பக்கம் போனோம். 1932 முதல் இருக்கும் ‘நிஜாம்ஸ்’ உணவகத்தில் முட்டைப் பரோட்டாவில் கபாப் சுருட்டிய காட்டி ரோல். பிறகு தெருவோரப் புச்கா. கையில் ஓர் இலைத் தொன்னையைக் கொடுத்து, உருளைக்கிழங்கு மசியல் அடைத்த பூரியைப் புளித்தண்ணீரில் முக்கி ஒவ்வொன்றாக வைக்கிறார் கடைக்காரர். நாம் விழுங்குவதற்குள் அடுத்தது தயார். கணக்கு முடிந்ததும் ஒன்று இலவசம். அதற்கு ‘ஃபாவு’ என்று பெயர். கேட்டு வாங்குவது இங்கே உரிமை!

டிசம்பர் விடுமுறைக்குக் கோல்கத்தா போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எந்தத் தடத்தில் டிராம் ஓடுகிறது என்று விசாரித்து, பிள்ளைகளை ஒருமுறை ஏற்றிச் செல்லுங்கள். கைரிக்‌ஷாவில் ஏறுவதும் ஏறாததும் உங்கள் மனம். ஏறினால் பேரம் வேண்டாம். ஏறாவிட்டாலும், கேட்காமல் அந்த மனிதரைப் படம் எடுக்காதீர்கள்.