யாழ்ப்பாணம் போய்வந்தோம்

விடுமுறையில் நானும் வீட்டுக்காரரும் தச்சநல்லூரிலிருந்து யாழ்ப்பாணம் போய், ஒரு சபையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தோம்.

1902-இல் நம் வெள்ளாளன்விளை ஊழியர் அசரியாவும் அங்கே போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஊழிய வாஞ்சை அவரை அசைத்தது. அதன் பலனாக 1903 பிப்ரவரி 12-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நம் சபைகளின் காணிக்கையில் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்கள் போனார்கள். 1909-இல் அசரியாவே குடும்பத்தோடு அங்கே குடியேறினார், தெலுங்கு கற்றார். யாழ்ப்பாணத்துக்கு நாம் பட்ட அந்தக் கடனில் ஒரு துளியைத் தீர்க்கத்தான் போனோம்.

ஆங்கிலக் கல்வி யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1823-லேயே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனெரிகள் செமினரி தொடங்கிவிட்டார்கள். நாங்கள் பார்த்த பிள்ளைகள் நன்றாக வாசித்தார்கள், பேசத்தான் கூச்சம். அதனால் இலக்கணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கடையில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில் பேசுவதுபோல் பேசவைத்தோம்.

சில வாரங்களில் ஒரு மொழி வந்துவிடாது. வருஷம் முழுக்க அவர்களோடு இருப்பவர் அந்த ஊர் டீச்சர்தான். அவருக்குத் தோள்கொடுப்பதே நம் ஊழியம். போக விரும்பும் தம்பதிகளே, பாடத்திட்டம் போடுமுன் அவரிடம் கேளுங்கள்: "உங்களுக்கு என்ன வேண்டும்?" அவர் சொல்வதைச் செய்யுங்கள். அந்தப் பிள்ளைகளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.