உப்பாற்றைச் சுற்றி ஒரு மாலை

"சேர், எங்கட பக்கத்திலை ஆசைக்கு ஓடிப் பாக்க ஒரு நல்ல ரோட்டு இருக்குதோ?"

இவ்வாறு எம்மை வினவிய மாணவன் அப்பொழுது வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தான். கண்டி வீதியில் நண்பனை முந்த முயன்றவேளை மோட்டார் சைக்கிள் மதகில் மோதிக் கால் முறிந்திருந்தது. புத்திமதி கூறச் சென்ற நாம் விடை கூற மாட்டாது திரும்பினோம். அவன் கேட்டது நியாயமான கேள்வியே. ஆதலின் அடுத்த சனிக்கிழமை மாலை எமது பழைய மோட்டார் சைக்கிளில் நல்லூரிலிருந்து புறப்பட்டோம்.

பலாலி வீதியில் திருநெல்வேலிச் சந்தையின் நெரிசலைத் தாண்டிக் கோண்டாவிலை அடைந்து, இருபாலை வீதியிற் கிழக்கே திரும்பினோம். இங்கே வேகம் செல்லாது. காணிகளின் எல்லையைத் தழுவிச் செல்லும் வீதியாதலின், மதிலும் வேலியும் எதிரே வருவதை மறைத்து நிற்கும். ஒவ்வொரு வளைவும் ஒரு வினா. ஆடு வருமோ, உழவு இயந்திரம் வருமோ, கோயிலுக்குச் செல்லும் முதியவர் வருவாரோ என்று எண்ணியே திரும்புதல் வேண்டும். வேலி நீங்கிய இடங்களிற் செம்மண் தோட்டங்கள் விரிகின்றன. வெங்காயப் பாத்திகளுக்கு நீர் இறைக்கும் இயந்திரங்களின் ஓசையும் நனைந்த மண்ணின் மணமும் எம்முடன் கூடவே வந்தன. ஆறில்லாத இக்குடாநாட்டிலே சுண்ணக்கல்லின் அடியில் ஊறும் நீரன்றோ இத்தனை பசுமைக்கும் காரணம்!

கோப்பாய்ச் சந்தி கடந்து கைதடி வீதியில் இறங்கியதும் காட்சி முற்றாக மாறிவிடுகின்றது. வீடுகளும் வேலிகளும் பின்தங்க, உப்பாற்று நீரேரி இருமருங்கும் பரந்து கிடக்கின்றது. மாரியில் நீர் நிறைந்து கொக்கும் நாரையும் கூடும். கோடையில் நீர் வற்றி நிலம் உப்புப் பூத்து வெளுத்துவிடும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் அது பக்கவாட்டிலே வண்டியைத் தள்ளும். கைப்பிடியை இறுகப் பற்றாது தளர்வாகப் பிடித்து நிதானமாகச் செல்வதே நன்று.

கைதடியிலிருந்து கண்டி வீதிவழியே நாவற்குழிப் பாலத்தை அடைந்தோம். அங்கே வண்டியை வீதியோரமாக நிறுத்தினோம்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நாமும் இப்பாலத்தைக் கடந்தோம். எமக்கு வயது 15. தந்தையார் மூட்டைகள் ஏற்றிய சைக்கிளை உருட்ட, நாம் அப்பாச்சியின் கையைப் பிடித்து மழையில் நடந்தோம். நெருக்கத்தில் ஓரடி வைக்கவும் காத்திருக்க வேண்டியிருந்தது. நல்லூரிலிருந்து இவ்விடம் வந்து சேர ஓரிரவு முழுவதும் சென்றது. இன்று அத்தூரத்தைப் பத்து நிமிடத்திற் கடக்கின்றோம். விரும்பியபோது புறப்பட்டு, விரும்பிய இடத்தில் நின்று, இருட்டுமுன் வீடு திரும்பக்கூடிய வீதி எத்துணை அரிய செல்வம் என்பதை அந்த இரவே எமக்குக் கற்பித்தது. அதனை வேகத்துக்குப் பலியிட எமக்கு மனம் வருவதில்லை.

செம்மணி வெளியில் மேற்குச் சூரியன் நேரே கண்ணில் விழுந்தது. மாலையில் இவ்வழி வருவோர் இதனை மனத்திற்கொண்டு மெதுவாக வருதல் வேண்டும். பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கால் குணமான பின்னர், பெற்றோரின் சம்மதத்துடன் அம்மாணவனைப் பின்னால் அமர்த்தி இதே வழியே அழைத்துச் சென்றோம். வளைவுகளில் நாம் வேகம் குறைத்தபோதெல்லாம் அவன் பொறுமையிழந்தது எமக்குத் தெரிந்தது. ஆயினும் நாவற்குழியில் இறங்கியவன் நெடுநேரம் நீரையே பார்த்து நின்றான்.

"இந்தப் பாலத்தாலை எத்தினை தரம் போயிருப்பன் சேர்! ஒருநாளும் தண்ணியைப் பாத்ததில்லை" என்றான்.

"இன்னும் கொஞ்சம் பார், தம்பி. அவசரமில்லை" என்றோம்.