ஓஹலா

ஸ்பானிய மொழி கற்போருக்கான சிறு நூலொன்று அண்மையில் கைக்குக் கிடைத்தது. புரட்டிக்கொண்டு போகையில் 'ஓஹலா' என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. ஒன்று நடக்க வேண்டுமென ஏங்கும்போது ஸ்பானியர் சொல்லும் சொல் இது. அதன் வேரோ அரபு: 'லவ் ஷாஅ அல்லாஹ்', அல்லாஹ் நாடினால்.

711 முதல் 1492 வரை அந்தலுஸில் முஸ்லிம் ஆட்சி இருந்தது. கிரனடா வீழ்ந்தபின், 1567 இல், அங்கே அரபு பேசவும் எழுதவும் தடை வந்தது. 1609 தொடக்கம் 1614 வரை, கட்டாய ஞானஸ்நானம் பெற்ற முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆட்கள் போனார்கள், சொல் தங்கிவிட்டது. இன்று அதைச் சொல்பவர் எவரும் அதற்குள் அல்லாஹ்வின் பெயர் இருப்பதை நினைத்துச் சொல்வதில்லை.

ஆனால், இது நமது 'இன்ஷா அல்லாஹ்' அல்ல. அதற்கு நிகராக அவர்களிடம் 'ஸி தியோஸ் கியேரே' இருக்கிறது. 'ஓஹலா' வெறும் விருப்பம். அதில் வாக்குறுதி இல்லை. பின்னால் வரும் வினையே நம்பிக்கையின் அளவைக் காட்டும். 'ஓஹலா யுவேபா': மழை பெய்யட்டும், பெய்யக்கூடும். 'ஓஹலா யோபியேரா': பெய்தால் எவ்வளவு நல்லது, ஆனால் வானத்தில் முகிலைக் காணோம். 'ஓஹலா உபியேரா யோபீதோ': பெய்திருக்கக்கூடாதா, பயிர் கருகிவிட்டதே.

இந்த மூன்றாவது வாக்கியத்தைப் படித்ததும் நூலை மூடி வைத்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன், சாதாரண தரத்தில் நன்றாகச் சித்தியடைந்த மாணவி ஒருத்தி வகுப்பறை வாசலில் வந்து நின்றாள். "சேர், வாப்பா இனிப் படிச்சது போதும் எண்டு சொல்றார். நீங்க ஒருக்கா வந்து கதைங்க சேர்."

"இன்ஷா அல்லாஹ் வாறன் மகள்" என்றேன். அவள் முகம் மலர்ந்து போனாள். அவளுக்கு அது வாக்குறுதி. எனக்கோ, அந்த நேரத்தைக் கடத்த உதவிய ஒரு சொல். அவர் கோபக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். இன்று, நாளை என்று தள்ளினேன். அடுத்த தவணை அவள் வரவில்லை. மறு வருடம் கல்யாண அழைப்பிதழ்தான் வந்தது.

நான் போகாததற்கு அல்லாஹ்வின் நாட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. வாயால் அவன் பெயரைச் சொன்னேன். உள்ளத்தில் போகும் எண்ணமே இருக்கவில்லை. ஸ்பானியர் வெறும் விருப்பத்திற்கும் வாக்குக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். நாமோ இரண்டுக்கும், சில வேளை மறுப்புக்கும்கூட, ஒரே புனிதச் சொல்லைப் பாவிக்கிறோம்.

'ஓஹலா உபியேரா இதோ.' போயிருக்கக்கூடாதா நான்!

இப்போதெல்லாம் பிள்ளைகளிடம் 'இன்ஷா அல்லாஹ்' சொன்னால், அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துவிடுகிறேன்.