காரின் நாக்கும் மகளின் காப்பும்



உங்களில் பலர் இன்று வாகனம் ஓட்டுகிறீர்கள். ஓட்டாதவர்களின் வீட்டு முற்றத்திலும் ஒரு காரோ வேனோ நிற்கக்கூடும். ஓட்டுநருக்கு முன்னால், வேகம் காட்டும் முட்களின் பக்கத்தில், என்ஜின் உருவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன செய்வீர்கள்? நான் செய்ததைத்தான் செய்வீர்கள். கராஜுக்குக் கொண்டுபோய், அங்கே சொல்வதைக் கேட்டு, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். அப்படிச் செய்து நான் பட்ட நஷ்டத்தையும், அதைவிடப் பெரிய வெட்கத்தையும் இங்கே எழுதுகிறேன். ஒரு சகோதரிக்காவது உதவினால் எனக்குப் போதும்.

எங்கள் வீடு மாவனல்லைக்கு அருகில். கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். வீட்டில் நானும் உம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும். உம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதடைந்துவிட்டதால், வாரத்தில் மூன்று நாள் கண்டிக்குக் கூட்டிப்போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். போக வர அறுபது கிலோமீற்றர் வரும். நடுவில் கடுகண்ணாவை ஏற்றம். எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஜப்பான் கார். அதை நம்பித்தான் உம்மாவின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது என்றால் மிகையல்ல.

2022 ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 27 நள்ளிரவிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். ஐந்து வாரம் எங்கள் கார் கொட்டிலை விட்டு அசையவில்லை. பக்கத்து வீட்டு வேனிலும், ரயிலிலும், சில நாள் கெஞ்சிக் கேட்டு ஏறிய லொறியிலுமாக உம்மாவைக் கொண்டுபோனேன். ஆகஸ்ட் முதலாம் திகதி கியூ ஆர் முறை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர். அன்று உம்மா அழுதேவிட்டார்.

மூன்று பயணத்துக்கு எங்கள் காருக்குப் பதினைந்து லீற்றர் போதும். மிச்சத்தில் பிள்ளைகளின் ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் முதல் வாரமே அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. மூன்றாவது பயணம் முடிந்து வீடு வந்து சேரும்போது பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. புகைக்குழாயிலும் பெட்ரோல் வாடை. இருந்த கொஞ்சத்தையும் கார் வீணாகக் குடிக்கிறது என்று விளங்கியது.

கராஜில் ஒரு தம்பி சிறிய கருவி ஒன்றைக் காருக்குப் பொருத்திப் பார்த்தார். "பீ 0031" என்று குறியீடு வந்தது. "தாத்தா, எயார் ஃபியூவல் சென்சருடைய ஹீட்டர் போயிட்டு. சென்சர மாத்தோணும்" என்றார். வேறு எதையும் அவர் தொட்டுப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வாகன இறக்குமதி 2020 இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. சாமான்களின் விலை அந்த நாட்களில் எப்படி ஏறியது என்பது உங்களுக்குத் தெரியும். புதியது வாங்க வழியில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் பாவித்த சென்சர் ஒன்று நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் என்றார்கள். கணவர் அனுப்பிய காசு மருந்துக்கே போய்விட்டிருந்தது. மகள் பிறந்தபோது உம்மா போட்டுவிட்ட சின்னக் காப்பை விற்றேன். உம்மாவிடம் சொல்லவில்லை. அவர் பேத்தியின் வெறும் கையைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

சென்சரை மாற்றிக் குறியீட்டையும் அழித்தார்கள். விளக்கு அணைந்தது. இரண்டாம் நாள் கண்டியிலிருந்து வரும் வழியில் அதே விளக்கு மறுபடியும் எரிந்தது. அதே குறியீடுதான். கராஜ் தம்பி இம்முறை, "கடைக்காரன் பழுதானத தந்திருப்பான். இல்லாட்டி கொம்பியூட்டர் போயிருக்கும். அதுக்கு ஒரு இலட்சத்துக்கு மேல வரும்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்ததும் கடைக்காரருக்குத் தொலைபேசியில் பேசினேன். பேசினேன் என்று சொல்வது தவறு, ஏசினேன். நோயாளிக்காக வாங்கிய பொருளிலும் ஏமாற்றுகிறாரே என்று, ஒருவரைச் சொல்லக்கூடாத வார்த்தை சொன்னேன். அவர், "நான் செக் பண்ணித்தான் தந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வாப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் உம்மாவை நோய் பார்க்க வந்தார். நாற்பது வருடம் வாகன வயரிங் வேலை செய்தவர். கண்புரை வந்து வேலையை விட்டுவிட்டார். விசயத்தைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "மீற்றர் வச்சிப் பாத்தாங்களா மகள்?"

இல்லை என்றேன்.

"கோட் சொல்லியது ரோட்டுடைய பேர மட்டும்தான். வூட்டு நம்பர நாமதான் தேடணும்" என்றார். காலையில் என்ஜின் ஆறிக் கிடக்கும்போது வருவதாகவும், கண் தெரியாததால் பார்க்கும் வேலையும் பிடிக்கும் வேலையும் என்னுடையது என்றும் சொல்லிவிட்டுப் போனார். கணவரிடம் இதைச் சொன்னபோது, "உங்களுக்கேன் இந்த வேல? பெரிய கராஜுக்குக் குடுங்க" என்றார். பெரிய கராஜுக்குக் கொடுக்க இன்னொரு காப்பு இல்லையே!

மறுநாள் காலை மாமா முதலில் அந்தச் சென்சர் என்ன செய்கிறது என்பதை விளக்கினார். என் பாஷையில் சொல்கிறேன். பெட்ரோல் சரியாக எரிய, ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். எரிந்து வெளியேறும் புகையில் ஒட்சிசன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, இன்னும் போடு, குறைத்துப் போடு என்று காரின் கொம்பியூட்டருக்குச் சொல்வது இந்தச் சென்சர். சமைக்கும்போது நாம் நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பது போலத்தான். ஆனால் இந்த நாக்கு குளிராக இருந்தால் ருசி தெரியாது. உள்ளே இருக்கும் பீங்கான் போன்ற பகுதி ஏறக்குறைய 650 பாகை செல்சியஸ் வரை சூடாக வேண்டும். புகையின் சூடு மட்டும் அதற்குப் போதாது. அதனால்தான் உள்ளே ஒரு சின்ன ஹீட்டர். அது சூடாகாவிட்டால் கொம்பியூட்டர் ருசி பார்க்காமல், பழக்கத்தில் உப்புப் போடும் சமையல்காரியைப் போல, கணக்குக்குப் பெட்ரோலை ஊற்றும். அதுவும் கூடுதலாகவே ஊற்றும். என் 20 லீற்றர் போன வழி அதுதான்.

பிறகு அந்தக் குறியீட்டுக்குப் பொருள் சொன்னார். 0031 என்றால் அந்த ஹீட்டரின் மின்சுற்றில் கரண்ட் குறைவு. 0032 என்றால் கரண்ட் அதிகம். "சுற்று என்டா சென்சர் மட்டுமில்ல மகள். பெற்றரியில இருந்து வார வயர், பியூஸ், ரிலே, சொக்கற், ஹீட்டர், பொறகு கொம்பியூட்டருக்குப் போற வயர், எல்லாம் சேந்ததுதான் சுற்று."

முதலில் பியூஸ். மூடியில் இருந்த படத்தைப் பார்த்து அந்தப் பியூஸைக் கழற்றினேன். நல்லாயிருந்தது.

இரண்டாவது ஹீட்டர். சென்சரின் சொக்கற்றைக் கழற்றச் சொன்னார். அதில் நான்கு வயர்கள். ஒரே நிறத்தில் இருந்த இரண்டும் ஹீட்டருடையவை. மீற்றரை ஓம் அளவில் வைத்து, சென்சர் பக்கத்து முனைகள் இரண்டிலும் பிடித்தேன். 2.3 என்று காட்டியது. உள்ளே ஹீட்டர் அறுந்திருந்தால் எண்ணே வராது என்றார். பிறகு, வீசாமல் வைத்திருந்த பழைய சென்சரைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பிடித்தேன். 2.2.

இரண்டும் நல்லது. சகோதரிகளே, அந்த எண்ணைப் பார்த்ததும் மகளின் கைதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அடுத்ததாக அந்தக் கடைக்காரரின் குரல் காதில் கேட்டது.

மூன்றாவது, வரும் கரண்ட். என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருகச் சொன்னார். கார்ப் பக்கத்துச் சொக்கற்றில் கரண்ட் வரும் முனையில் மீற்றரின் ஒரு கம்பியையும், பெற்றரியின் மறைமுனையில் மற்றதையும் பிடித்தேன். 12.3 வோல்ட். சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் கொம்பியூட்டர்தானா என்று என் நெஞ்சு பதறியது.

மாமா சிரித்தார். "மீற்றர் ரொம்ப சோம்பேறி மகள். அது வேல வாங்காம கேட்டுப் பாக்கும். வேல குடுத்துப் பாக்கோணும்" என்று, சட்டைப்பையிலிருந்து இரண்டு வயர் கட்டிய ஒரு மின்குமிழை எடுத்தார். காரின் சிக்னலுக்குப் போடும் சாதாரண 21 வாற் மின்குமிழ். மீற்றர் பிடித்த அதே இரண்டு இடத்திலும் அதைப் பிடித்தேன். பெற்றரியில் நேராகப் பிடித்தபோது கண் கூசும்படி எரிந்த அதே மின்குமிழ், இங்கே அணையப்போகும் விளக்குத் திரியைப் போலச் சிவந்து நின்றது. மின்குமிழ் எரியும்போதே மீற்றரையும் பிடிக்கச் சொன்னார். 12.3 இருந்த இடத்தில் 4 வோல்ட்டும் இல்லை.

"வோல்ட் ஈக்கு, வலு இல்ல. வயர் எங்கயோ நூலா நிக்குது" என்றார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்குமிழைக் கரண்ட் வரும் முனையில் மட்டுமே பிடிக்க வேண்டும். கொம்பியூட்டருக்குப் போகும் முனைகளில் பிடித்தால் கொம்பியூட்டரே பழுதாகலாம். எது எந்த முனை என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

அந்த வயரைத் தடவிக்கொண்டே பின்னால் போனோம். என்ஜினுக்குப் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே கை வைத்தபோது பஞ்சு போல ஏதோ தட்டுப்பட்டது. தேங்காய்த் தும்பும் கிழிந்த கடதாசியும் சேர்த்துக் கட்டிய எலிக்கூடு! கார் அசையாமல் நின்ற அந்த ஐந்து வாரத்தில் எலிகள் குடிவந்திருக்கின்றன. வயரின் மேல் தோல் கடிபட்டு, உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, இரண்டு இழைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. சும்மா பார்க்கும் மீற்றருக்கு அந்த இரண்டு இழை போதும். ஹீட்டரைச் சூடாக்கும் கரண்டுக்கு அது போதாது.

கெட்ட துண்டை வெட்டி, நல்ல வயர் இணைத்து, ஈயம் பற்றவைத்து, சூட்டுக்குச் சுருங்கும் குழாயால் மூடினோம். சூடான குழாயில் படாதபடி தூக்கிக் கட்டினோம். குறியீட்டை அழித்தோம். மொத்தச் செலவு முந்நூறு ரூபாயும் வரவில்லை. மாமா ஒரு கோப்பைப் பிளேன்டீயோடு எழுந்துவிட்டார். அந்த வாரம் மூன்று பயணமும் முடிந்த பிறகு பெட்ரோல் மிஞ்சியது. விளக்கு பிறகு எரியவில்லை.

ஆனால் என் வேலை முடியவில்லை. இரண்டு நாள் தயங்கிவிட்டுக் கடைக்காரருக்குப் பேசினேன். "உங்கட சாமான் நல்லது. பிழை என்ட காரில. நான் சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "உம்மாக்கு இப்ப எப்படி?" என்று கேட்டார். நான் ஏசியதற்கிடையில் சொன்ன உம்மாவின் நோய் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அந்தச் சென்சரை அனுப்பினால் பாதி விலைக்கு எடுப்பதாகச் சொன்னார். பழையதை மாட்டிக்கொண்டு அதை அனுப்பினேன். பாதிக் காசு வந்தது. காப்பு வரவில்லை.

கராஜ் தம்பியையும் நான் குறை சொல்லவில்லை. அவர் கள்ளன் அல்ல. கருவியில் வந்த பெயரை நம்பினார், அளந்து பார்க்கவில்லை. நானும் அதே பிழையைத்தான் செய்தேன். அவர் சொன்னதை நம்பி, விசாரிக்காமல் ஒரு மனிதரைக் கள்ளனாக்கினேன்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் காரில் அந்த விளக்கு எரிந்தால் நீங்களே ஸ்பானர் எடுக்க வேண்டியதில்லை. கராஜில் நின்று இவற்றைக் கேளுங்கள். குறியீடு என்ன? அதை என் கொப்பியில் எழுதித் தாருங்கள். பியூஸ் பார்த்தீர்களா? ஹீட்டர் எத்தனை ஓம் காட்டியது? இந்தக் காருக்கு எத்தனை இருக்க வேண்டும்? வரும் கரண்டை மின்குமிழ் போட்டுப் பார்த்தீர்களா? வயரைக் கடைசிவரை பார்த்தீர்களா? பழைய சாமானை என்னிடம் தாருங்கள். நல்ல வேலைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். அளந்தவரிடம் எண் இருக்கும்.

கார் பல நாள் ஓடாமல் நின்றிருந்தால், ஓட்டுவதற்கு முன் மூடியைத் திறந்து ஒருதரம் பாருங்கள். தும்போ கடதாசியோ கிடந்தால், எலி உங்களுக்கு முன்பே ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அன்று மாலை நடந்ததையெல்லாம் உம்மாவிடம் சொன்னேன், காப்பு விற்றதையும் சேர்த்து. அவர் பேத்தியைக் கூப்பிட்டு அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "காப்பு போனா வாங்கலாம் மகள். அந்த மனுசனுக்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றார்.

கேட்டுவிட்டேன் உம்மா என்று சொல்ல முடிந்ததே, அதுதான் எனக்கு ஆறுதல்.